பத்தாயிரம் மடங்கு என்று முதலில் எழுதியது யார்?

வாசகர் கேள்வி – பதில்

இணையத்தில் மருத்துவச் செய்திகளைத் தேடும்போது ஏற்படும் சந்தேகங்களை எழுதியனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பல ஒன்றையொன்று ஒத்திருந்ததால், எட்டை மட்டும் தேர்ந்தெடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் மருத்துவர் அல்ல. ஒரு மருத்துவக் கல்லூரி நூலகத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எந்த மருந்தைச் சாப்பிடலாம், எதை நிறுத்தலாம் என்று சொல்லும் தகுதி எனக்குக் கிடையாது. ஒரு செய்தி எந்த ஊற்றிலிருந்து கிளம்பியது, வழியில் என்னென்ன கலந்தது என்று தேடிப் பார்ப்பதில் மட்டும் கொஞ்சம் பழக்கம் உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய் என்று சென்ற மாதம் உறுதியாயிற்று. அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்துவிட்டார்கள். பிறகு கீமோதெரபியும் உண்டாம். இதற்கிடையில் சித்தப்பா எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி அனுப்பினார். முள்சீத்தாப் பழம் கீமோதெரபியைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமையானது, அமெரிக்கப் பல்கலைக்கழகம் கண்டுபிடித்தது, மருந்துக் கம்பெனிகள் மறைத்துவிட்டன என்கிறது அந்தச் செய்தி. அதைப் படித்ததிலிருந்து, இரண்டு மாதம் பழத்தைச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு ஆபரேஷன் செய்துகொள்ளலாமா என்று அம்மா கேட்கிறார். இது உண்மையா என்று நானே சரிபார்க்க வழி உண்டா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: உண்டு. ஆனால் நீங்கள் சரிபார்த்து முடிக்கும்வரை குறித்த நாளை மாற்ற வேண்டாம். தள்ளிப்போடுவதைப் பற்றிய பேச்சே எழுமானால், அதை அறுவை சிகிச்சை நிபுணரிடம் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் செய்தியில் நாம் பற்றி இழுக்கக்கூடிய நுனி ஒன்றே ஒன்றுதான். அது பத்தாயிரம் என்ற எண். 'மிகவும் நல்லது', 'அற்புதமானது' என்பவற்றுக்கெல்லாம் மூலம் தேட முடியாது. எண்ணுக்கு முடியும், யாரோ ஒருவர் எங்கோ எதையோ அளந்திருக்க வேண்டும். அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் நடத்தும் பப்மெட் என்ற அட்டவணை 1997 முதல் எல்லோருக்கும் இலவசமாகத் திறந்திருக்கிறது. உலக மருத்துவ ஆய்விதழ்களில் வெளிவரும் கட்டுரைகளின் சுருக்கங்களை அதில் படிக்கலாம். முள்சீத்தாவின் தாவரவியல் பெயரான அனோனா மியூரிகேட்டா என்பதை ஆங்கில எழுத்தில் இட்டுத் தேடினால், 1996ஆம் ஆண்டு வெளியான, அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்திலுள்ள பர்டியூ பல்கலைக்கழகத்தாரின் கட்டுரை ஒன்று கிடைக்கும். பத்தாயிரம் அங்கேதான் இருக்கிறது.

அது சொல்வது என்ன? முள்சீத்தாவின் விதையிலிருந்து ஐந்து புதிய வேதிப்பொருள்களைப் பிரித்தெடுத்தார்கள். அவற்றில் ஒன்று, ஆய்வகத்தில் வளர்த்த பெருங்குடல் புற்றுநோய்ச் செல் வகை ஒன்றைக் கொல்வதில் அட்ரியாமைசின் என்ற கீமோதெரபி மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு வீரியமுள்ளதாக இருந்தது. கட்டுரை சொல்வது அவ்வளவுதான். இப்போது சித்தப்பாவின் செய்தியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விதை பழமாகிவிட்டது. பிரித்தெடுத்த ஒரு வேதிப்பொருள் அன்றாடம் அறுத்துச் சாப்பிடும் சுளையாகிவிட்டது. ஒரு மருந்து மொத்தக் கீமோதெரபியாகிவிட்டது. கண்ணாடித் தட்டிலிருந்த பெருங்குடல் செல்கள் உங்கள் அம்மாவின் மார்பகமாகிவிட்டன. யாரும் வேண்டுமென்றே பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. கைமாறும் ஒவ்வொரு முறையும் ஒரு சொல் உதிர்ந்தால் இப்படித்தான் ஆகும். தட்டில் இருக்கும் செல்லைக் கொல்வது பெரிய காரியமும் அல்ல, பிளீச்சிங் பவுடர் கரைசலும் கொல்லும். பக்கத்திலுள்ள நல்ல செல்களைக் கெடுக்காமல், ஒரு மனித உடலுக்குள் போய், போதிய அளவில் கட்டியை அடைவதுதான் கடினம். முள்சீத்தா அப்படி ஒரு நோயாளியின் புற்றுநோயைக் குணப்படுத்தியதாகக் காட்டிய முறையான மருத்துவ ஆய்வு எதுவும் கிடையாது.

தேடலை அங்கேயே நிறுத்திவிடாமல் அதே பெயரில் இன்னும் கொஞ்சம் கீழே போனால், குழுவில் யாரும் அனுப்பாத ஒரு செய்தியும் கிடைக்கும். கரீபியக் கடலில் உள்ள குவாதலூப் தீவில் பார்க்கின்சன் நோயை ஒத்த, வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத நரம்புக் கோளாறு எதிர்பார்த்ததைவிட அதிகமாகக் காணப்பட்டது. அங்குள்ள மக்கள் இந்தப் பழத்தையும் இதன் இலையில் போட்ட கஷாயத்தையும் நிறையச் சாப்பிடுவதற்கும் அதற்கும் தொடர்பு இருக்கலாம் என்ற ஐயத்தை 1999இல் லான்செட் ஆய்விதழில் வந்த கட்டுரை எழுப்பியது. எப்போதாவது ஒரு துண்டு சாப்பிட்டவர் பயப்பட வேண்டிய செய்தி அல்ல இது. தினமும் மருந்தாகக் குடிக்கப்போகிறவர் அறிந்திருக்க வேண்டிய செய்தி.

'கம்பெனிகள் மறைத்துவிட்டன' என்பதற்கும் ஒரு வார்த்தை. நம் ஊர்ச் சுடுகாட்டு ஓரங்களிலும் வேலியோரங்களிலும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியிலிருந்துதான் வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற இரண்டு புற்றுநோய் மருந்துகள் எடுக்கப்பட்டன. குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் வின்கிரிஸ்டின் இன்றும் முக்கியமான மருந்து. தென்மாவட்டங்களில் இந்தச் செடியை மானாவாரியாகப் பயிரிட்டு விற்கிறார்கள். மார்பகப் புற்றுநோய்க்குத் தரப்படும் பாக்லிடாக்செல் ஒரு மரப்பட்டையிலிருந்து முதலில் கிடைத்தது. செடியில் சரக்கு இருந்தால் கம்பெனிகள் மறைப்பதில்லை, ஓடி வந்து எடுத்துக்கொள்கின்றன. அதற்காக நித்தியகல்யாணியை அரைத்துக் குடித்துவிடாதீர்கள், அது நஞ்சு.

சித்தப்பாவிடம் 'பொய்ச் செய்தி அனுப்பாதீர்கள்' என்று குழுவில் எழுதினால் அவர் முகம் வாடும், அம்மாவுக்கும் பிடிக்காது. 'சித்தப்பா, அந்த ஆய்வை எடுத்துப் படித்தேன், அது பழத்தில் செய்தது இல்லை, விதையில் செய்தது' என்று தொலைபேசியில் சொல்லிப் பாருங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியர். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். 'சர்க்கரை மாத்திரை கிட்னியைக் காலி செய்துவிடும்' என்று ஒரு காணொளியில் பார்த்துவிட்டு, மெட்ஃபார்மின் கிட்னி பாதிப்பு என்று தேடினேன். வந்தவை எல்லாமே அதையேதான் சொல்கின்றன. இத்தனை பேர் சொன்னால் உண்மையாகத்தானே இருக்க வேண்டும்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: ஐயா, வகுப்பில் ஒரு மாணவனிடம் 'நீதானே கண்ணாடியை உடைத்தாய்?' என்று கேட்பதற்கும் 'கண்ணாடி எப்படி உடைந்தது?' என்று கேட்பதற்கும் உள்ள வேறுபாடு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தேடுபொறியிடம் நீங்கள் முதல் வகைக் கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். 'பாதிப்பு' என்ற சொல்லை நீங்களே கொடுத்துவிட்டால், அந்தச் சொல் உள்ள பக்கங்களையே அது பொறுக்கி எடுத்துத் தரும். காணொளித் தளமோ ஒரு படி மேலே போய், ஒன்றைப் பார்த்தவருக்கு அதே சாயலில் இன்னும் பத்தை அடுக்கிவைக்கும். பத்துப் பேர் தனித்தனியே சொல்வதாக நமக்குத் தோன்றினாலும், ஒருவர் சொன்னதை மற்ற ஒன்பது பேர் திருப்பிச் சொல்வதாகவே பெரும்பாலும் இருக்கும்.

விடையைக் கேள்விக்குள் வைக்காமல் கேட்டுப் பாருங்கள். 'மெட்ஃபார்மின் பக்கவிளைவுகள்' என்றோ, 'மெட்ஃபார்மின் யார் சாப்பிடக் கூடாது' என்றோ தேடி, பிரிட்டனின் தேசிய மருத்துவ சேவையான என்எச்எஸ் தளத்திலோ, அமெரிக்க தேசிய மருத்துவ நூலகத்தின் மெட்லைன்பிளஸ் தளத்திலோ உள்ள பக்கத்தை மட்டும் திறந்து படியுங்கள். மெட்ஃபார்மின் சிறுநீரகத்தைக் கெடுப்பதில்லை. பல ஆண்டுகள் கட்டுக்குள் இல்லாத சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும்தான் கெடுக்கின்றன. அப்படியானால் இந்த வதந்தி எங்கிருந்து வந்தது? அதிலும் ஒரு நூலிழை உண்மை உண்டு. மெட்ஃபார்மின் உடலிலிருந்து சிறுநீரகம் வழியாகவே வெளியேறுகிறது. சிறுநீரகம் வேறு காரணத்தால் பழுதடைந்தால் மருந்து உடலில் தேங்கும். ஆகவே சிறுநீரக வடிகட்டும் திறனைக் காட்டும் இஜிஎஃப்ஆர் என்ற அளவு 45க்குக் கீழே போனால் மருத்துவர்கள் மறுபரிசீலனை செய்து அளவைக் குறைப்பார்கள், 30க்குக் கீழே போனால் நிறுத்திவிடுவார்கள். 'கிட்னி கெட்டவருக்கு இந்த மாத்திரை கூடாது' என்பது ஊர் வாயில் 'இந்த மாத்திரை கிட்னியைக் கெடுக்கும்' என்று புரண்டுவிட்டது.

நல்ல பக்கத்தைப் படிப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மெட்ஃபார்மினைப் பல ஆண்டுகள் சாப்பிடுபவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும் என்பது உண்மையான, எல்லோரும் ஒப்புக்கொண்ட பக்கவிளைவு. அதைப் பற்றி அந்தக் காணொளியில் ஒரு வார்த்தையாவது இருந்ததா? அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, இஜிஎஃப்ஆர் எவ்வளவு, பி12 பார்க்க வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

கேள்வி: லண்டனில் இருக்கும் என் மகனுக்கு மூன்று மாதச் சர்க்கரை அளவு 44 என்று வந்திருக்கிறதாம். இங்கே 6.5 தாண்டினாலே சர்க்கரை நோய் என்கிறார்கள். 44 என்றால் எழுந்து நடமாட முடியுமா என்று எனக்கு இரவெல்லாம் தூக்கமில்லை. அவனோ 'ஒன்றுமில்லை அம்மா' என்று சிரிக்கிறான்.
– வாசகி, நாகர்கோவில்

பதில்: அம்மா, நிம்மதியாகத் தூங்குங்கள், உங்கள் மகனை மட்டும் கொஞ்சம் கண்டித்து வையுங்கள். எச்பிஏ1சி என்ற அந்தச் சோதனையை நாம் சதவீதத்தில் சொல்கிறோம். பிரிட்டனில் வேறு அலகில் சொல்கிறார்கள். நம் 6.5 சதவீதம் அவர்களுக்கு 48. ஆகவே 44 என்பது ஏறக்குறைய 6.2 சதவீதம். அங்கே 42 முதல் 47 வரை உள்ளவர்களைச் சர்க்கரை நோயின் வாசற்படியில் நிற்பவர்களாகக் கருதுகிறார்கள். சிரித்துவிட்டு விடக்கூடியதும் இல்லை.

வெளிநாட்டுத் தளங்களைப் படிக்கும் எல்லோரும் அலகைப் பார்த்துவிட்டே எண்ணைப் பார்க்க வேண்டும். ரத்தச் சர்க்கரையை நாமும் அமெரிக்கர்களும் டெசிலிட்டருக்கு மில்லிகிராமில் எழுதுகிறோம், பிரிட்டன் தளங்கள் லிட்டருக்கு மில்லிமோல் என்று எழுதும். அவர்களுடைய எண்ணை 18ஆல் பெருக்கினால் நம் எண் வரும். அவர்களுடைய 7 நம் 126. மருந்துப் பெயரிலும் இதே குழப்பம்: நாம் பாரசிட்டமால் என்பதை அமெரிக்கத் தளங்கள் அசிட்டமினோஃபென் என்று எழுதும். இரண்டும் வேறு மருந்து என்று நினைத்து இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் கல்லீரலுக்கு ஆபத்து. உடல் எடை அட்டவணையும் நமக்கு அப்படியே பொருந்தாது. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ என்ற எண் 25 வரை சரி என்று மேலைநாட்டுத் தளங்களில் இருக்கும், இந்தியர்களுக்கு 23லேயே எச்சரிக்கை தொடங்குகிறது.

கேள்வி: வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், பெயருக்கு முன் 'டாக்டர்'. இவர் மெய்யாகவே மருத்துவரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், ஈரோடு

பதில்: கோட்டையும் ஸ்டெதாஸ்கோப்பையும் கடையில் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். 'டாக்டர்' பட்டம் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றவருக்கும் உண்டு. நீங்கள் கேட்க வேண்டியது பதிவு எண். அலோபதி மருத்துவர் ஒவ்வொருவரும் ஒரு மாநில மருத்துவ கவுன்சிலில் பதிவு செய்திருப்பார். தேசிய மருத்துவ ஆணையத்தின் தளத்திலுள்ள இந்திய மருத்துவப் பதிவேட்டில் பெயரையோ எண்ணையோ இட்டுத் தேடினால், எந்த ஆண்டு, எந்தக் கவுன்சிலில் பதிந்தார் என்பது தெரியும். சித்த மருத்துவர்களுக்கும் தனிக் கவுன்சிலும் பதிவும் உண்டு; 'பரம்பரை வைத்தியர்' என்று மட்டும் சொல்பவரிடமும் அந்த எண்ணைக் கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை. மத்திய அரசின் நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஆகஸ்ட்டில் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உடல்நலம் பற்றிப் பேசி விளம்பரம் செய்யும் சமூக ஊடகப் பிரபலங்களில் தகுதி பெற்றவர்கள் தங்கள் தகுதியைச் சொல்ல வேண்டும். தகுதி இல்லாதவர்கள் தாங்கள் சொல்வது மருத்துவ ஆலோசனைக்கு மாற்றாகாது என்று தெளிவாக அறிவிக்க வேண்டும்.

ஆனால் பதிவு எண் இருப்பதாலேயே சொல்வதெல்லாம் சரியாகிவிடாது. ஆட்டிசத்துக்கும் தட்டம்மைத் தடுப்பூசிக்கும் முடிச்சுப் போட்டு, பன்னிரண்டு குழந்தைகளை மட்டும் வைத்து 1998இல் லான்செட்டில் கட்டுரை எழுதிய ஆண்ட்ரூ வேக்ஃபீல்டும் பதிவு பெற்ற மருத்துவர்தான். அந்தக் கட்டுரையை ஆய்விதழ் 2010இல் திரும்பப் பெற்றது. அதே ஆண்டு பிரிட்டன் மருத்துவப் பதிவேட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்பட்டது. இடைப்பட்ட பன்னிரண்டு ஆண்டுகளில் அச்சம் உலகைச் சுற்றி வந்துவிட்டது. 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை–ரூபெல்லா தடுப்பூசி முகாம் தொடங்கியபோது வாட்ஸ்அப்பில் பறந்த செய்திகளையும், பள்ளிகளில் கையெழுத்துப் போட மறுத்த பெற்றோர்களையும், முகாமின் நாள் நீட்டிக்கப்பட்டதையும் பலர் மறந்திருக்க மாட்டீர்கள்.

நான் முதலில் பார்ப்பது வேறொன்று: காணொளி முடியும்போது என்ன விற்கிறார்? 'சர்க்கரையை வேரோடு ஒழிக்கும் பொடி, இந்த எண்ணுக்கு அழையுங்கள்' என்று வந்தால் மேற்கொண்டு ஆராய வேண்டியதே இல்லை. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், சர்க்கரை நோய், புற்றுநோய் உட்படப் பட்டியலிட்ட நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே தடை செய்கிறது. எந்த வைத்திய முறையாக இருந்தாலும் இதுதான் சட்டம். டப்பாவின் மேல் இருக்கும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண்ணைக் காட்டி 'அரசு அங்கீகாரம்' என்பார்கள். ஊறுகாய் பாட்டிலிலும் அதே எண்தான் இருக்கிறது.

கேள்வி: ஆங்கிலம் சரளமாக வராது. தமிழிலேயே நம்பிப் படிக்க என்ன இருக்கிறது?
– வாசகி, அறந்தாங்கி

பதில்: இருக்க வேண்டிய அளவுக்கு இல்லை. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஒரு நோயின் பெயரை இட்டால் முதல் பக்கத்திலேயே நல்ல தளங்கள் வரிசையில் நிற்கின்றன. தமிழில் அதே நோயை இட்டால் 'பாட்டி வைத்தியம்' என்ற தலைப்பில் ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவையே முந்திக்கொள்கின்றன.

ஆனாலும் தேடினால் கிடைக்கும். மத்திய அரசின் ஆதரவில் சி-டாக் நிறுவனம் நடத்தும் விகாஸ்பீடியா என்ற தளத்தில் தமிழ் உடல்நலப் பகுதி உண்டு. எல்லாக் கட்டுரைகளும் ஒரே தரத்தில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு தன் முடிவுகளை எளிய நடையில் சுருக்கித் தருகிறது, அவற்றில் ஒரு பகுதி தமிழிலும் மொழிபெயர்க்கப்பட்டிருக்கிறது. தமிழ் ஆட்சிமொழியாக உள்ள சிங்கப்பூரிலும் இலங்கையிலும் சுகாதாரத் துறையினர் தமிழில் துண்டேடுகள் வெளியிடுகிறார்கள். இலங்கையின் சுகாதார மேம்பாட்டுப் பணியகத்தினுடையவை படிக்க நன்றாக இருக்கும், 'நீரிழிவு', 'உயர் குருதி அமுக்கம்' என்ற அவர்களுடைய சொற்களுக்குப் பழகிக்கொள்ள வேண்டும், அவ்வளவே. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநில அரசு, அங்குக் குடியேறியவர்களுக்காகப் பல மொழிகளில் திரட்டி வைத்திருக்கும் மருத்துவத் துண்டேடுகளிலும் தமிழ் உண்டு.

உலாவி தானாகச் செய்யும் மொழிபெயர்ப்பில் எச்சரிக்கையாக இருங்கள். 'டிஸ்சார்ஜ்' என்ற ஒரே ஆங்கிலச் சொல் மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்புவதையும் குறிக்கும், புண்ணிலிருந்து வடியும் சீழையும் குறிக்கும். இயந்திரம் எதை எடுக்கும் என்று சொல்ல முடியாது. பொதுவாக விஷயத்தைப் புரிந்துகொள்ள அது போதும். மருந்தளவு, 'கூடாது' என்று வரும் வாக்கியம் இரண்டையும் ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: பழைய கையேடு ஒன்றில், மருத்துவத் தளங்களில் 'ஹெல்த் ஆன் தி நெட்' முத்திரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருக்கிறது. இன்னும் அது செல்லுமா?
– வாசகர், வேலூர்

பதில்: செல்லாது. நம்பத்தகுந்த மருத்துவத் தளங்களுக்கு அந்த முத்திரையைத் தந்துவந்த, ஜெனீவாவிலிருந்து இயங்கிய அறக்கட்டளை 2022 டிசம்பரில் மூடப்பட்டது. இன்று ஒரு தளத்தில் அந்த முத்திரை இருந்தால், அந்தப் பக்கத்தை நெடுநாளாக யாரும் திருத்தவில்லை என்பதுதான் அதிலிருந்து தெரியவரும். முத்திரைக்குப் பதிலாகத் தேதியைப் பாருங்கள். என்எச்எஸ் தளத்தில் பல பக்கங்களின் அடியில், கடைசியாக எப்போது சரிபார்த்தார்கள், அடுத்து எப்போது சரிபார்ப்பார்கள் என்று எழுதியிருக்கும்.

கேள்வி: 'இந்த மாத்திரை சாப்பிட்டால் ரத்தம் உறையும் அபாயம் இரண்டு மடங்கு' என்பது போன்ற தலைப்புகளைப் பார்த்தால் கைகால் நடுங்குகிறது. இவற்றை எப்படிப் படிப்பது?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: நீங்கள் எடுத்துக்காட்டாக எழுதிய தலைப்பு உண்மையில் நடந்த கதை. 1995 அக்டோபரில், மூன்றாம் தலைமுறைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தம் உறையும் அபாயத்தை இரண்டு மடங்காக்குகின்றன என்று பிரிட்டனின் மருந்துப் பாதுகாப்புக் குழு எச்சரிக்கை விடுத்தது. செய்தி தவறல்ல. பழைய மாத்திரை சாப்பிட்ட 7,000 பெண்களில் ஒருவருக்கு வந்தது, புதிய மாத்திரை சாப்பிட்ட 7,000 பேரில் இருவருக்கு வந்தது. இரண்டு மடங்கு என்பதும் இதுதான், ஏழாயிரத்துக்கு ஒருவர் கூடுதல் என்பதும் இதுதான். முதல் வடிவில் கேட்ட பெண்கள் பலர் மறுநாளே மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறத்தாழ 13,000 கருக்கலைப்புகள் கூடுதலாக நடந்தன என்று கணக்கிட்டிருக்கிறார்கள். கர்ப்பகாலத்தில் ரத்தம் உறையும் அபாயம் அந்த மாத்திரையால் வருவதைவிட அதிகம் என்பதுதான் இதில் கொடுமை.

ஆகவே 'மடங்கு' என்றோ 'சதவீதம் கூடுகிறது' என்றோ படித்தவுடன், எத்தனை பேரில் எத்தனை பேருக்கு என்று தேடுங்கள். அந்த எண் கட்டுரையில் எங்குமே இல்லை என்றால், எழுதியவர் அதைப் பார்க்கவில்லை அல்லது உங்களுக்குக் காட்ட விரும்பவில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்கலாமா என்று பலர் எழுதியிருப்பதற்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன். பரிசோதனை அறிக்கையில் உள்ள சொற்களுக்குப் பொருள் கேட்கவும், மருத்துவரிடம் கேட்க வேண்டியவற்றை ஒழுங்குபடுத்தவும் அவை உதவும். ஆனால் தெரிந்ததையும் தெரியாததையும் ஒரே குரலில், ஒரே நம்பிக்கையோடு சொல்லும் பழக்கம் அவற்றுக்கு உண்டு. இல்லாத ஆய்வுக் கட்டுரைக்குத் தலைப்பும் ஆண்டும் சூட்டிக் கொடுப்பதும் உண்டு. ஆதாரம் கேளுங்கள், தந்த ஆதாரத்தைப் பப்மெட்டில் நீங்களே தேடிப் பாருங்கள்.

கேள்வி: என் எட்டு வயது மகனுக்கு டெங்கு வந்தபோது, இரவு இரண்டு மணிக்குப் பப்பாளி இலைச் சாறு கொடுக்கலாமா என்று தேடிக்கொண்டிருந்தேன். நல்லவேளையாக ஒன்றும் ஆகவில்லை. மறுபடி அப்படி ஒரு நிலை வந்தால் எதைத் தேட வேண்டும்?
– வாசகர், சென்னை

பதில்: இரவு இரண்டு மணிக்கு எதையும் தேட வேண்டாம், தேட வேண்டியதைக் காய்ச்சல் வந்த முதல் நாள் பகலிலேயே தேடி வைத்துக்கொள்ளுங்கள். பப்பாளி இலைச் சாறு தட்டணுக்களைக் கூட்டுவதாகச் சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அது டெங்குவின் கடுமையான நிலையைத் தடுக்கும் என்று யாரும் நிறுவவில்லை. டெங்குவில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் தட்டணுக் குறைவு அல்ல, ரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்து ரத்த ஓட்டம் தளர்வதுதான். அது பெரும்பாலும் காய்ச்சல் விடும் தறுவாயில்தான் நிகழ்கிறது. வெப்பமானி இறங்கிவிட்டது என்று வீட்டில் எல்லோரும் மூச்சுவிடும் அந்த ஒன்றிரண்டு நாள்தான் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய நேரம். கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, மூக்கிலோ ஈறிலோ ரத்தம், குழந்தை துவண்டுபோவது அல்லது காரணமில்லாமல் அமைதியிழப்பது ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108ஐ அழைத்து மருத்துவமனைக்குப் போக வேண்டும். காய்ச்சலுக்குப் பாரசிட்டமால் தவிர ஆஸ்பிரின், இபுபுரூஃபென் போன்றவை கூடாது. போவதா வேண்டாமா என்ற தயக்கம் இருந்தால் தமிழ்நாட்டில் 104 என்ற அரசு எண்ணில் கேட்கலாம்.

காய்ச்சல் எத்தனை மணிக்கு விட்டது, என்ன மருந்து எவ்வளவு கொடுத்தீர்கள், கடைசியாக எப்போது சிறுநீர் கழித்தான் என்பவற்றை நேரத்தோடு ஒரு தாளில் எழுதி வாருங்கள். அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவர் உங்களிடம் முதலில் கேட்பது அதைத்தான்.